அரை மாத்திரை

வால்பராய்சோவில் ஜூன் மழை.
கோர்தியேரா குன்றின் அடிவாரத்து மதுக்கடையில்
பதினேழு பேர், ஒரு நனைந்த நாய்,
மேடை என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும்
நான்கு பலகைகள்.

மகலி ஒசாந்தோன் பூட்ஸைத் துடைக்காமல் ஏறினாள்.
கிளாரினெட்டின் நாணலை உதட்டில் ஊறவைத்தாள்.
காலடியில் சிவப்புப் பெடல்.
ஒரு மிதிக்குக் காது திறக்கும்,
மறு மிதிக்கு வட்டம் மூடும்.
அதன்பின் அவள் ஊதியதெல்லாம்
அவளைக் கேட்காமலே திரும்பத் திரும்ப வரும்,
அந்தாதி போல
முடிந்த இடத்திலேயே முளைத்து.

முளைத்த முதல் வரி நன்றாகத்தான் இருந்தது.
தாழ்ந்த ஸ்வரம் ஒன்று,
ஒலி கொஞ்சம், மூச்சு நிறைய,
துறைமுகத்தில் ஈரக்கயிறு இழுபடுவது மாதிரி.
வட்டத்தை மூட வேண்டிய இடத்தில்
பூட்ஸ் வழுக்கியது.
பெரிய தாமதமில்லை,
ஒரு குற்றியலுகரத்தின் அளவு.
அந்த அரை மாத்திரை திறந்து கிடந்த கதவுக்குள்
என் கை நழுவவிட்ட கரண்டி
கழுவுதொட்டியில் விழுந்தது.

ணங்.

விழுந்தது விழுந்ததுதான் என்று
வேறெந்த இரவிலும் குனிந்து எடுத்திருப்பேன்.
தட்டு உடைத்திருக்கிறேன்.
பில்லைத் தப்பாகக் கூட்டியிருக்கிறேன்.
போயே ஆகவேண்டிய ஒரு திருமணத்துக்குப்
போகாமல் இருந்திருக்கிறேன்.
எல்லாம் ஒருமுறை நடந்து
எங்கோ ஒதுங்கிக்கொண்டன.
இதுவோ ஒன்பது நொடிக்கு ஒருமுறை
பதினேழு பேர் முன்னால்
நடந்துகொண்டே இருக்கிறது.
கயிறு, மூச்சு, ஒரு தடுக்கல், ணங்.
கயிறு, மூச்சு, ஒரு தடுக்கல்,
இப்போது நானே காத்திருக்கிறேன்,
ணங்.

அவள் கால் பெடலுக்கு மேல் தயங்கி நின்றது.
இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் போதும்,
அழிந்துவிடும்.
கரண்டியோடு கயிறும் போகும், மூச்சும் போகும்.
மச்சத்தை மட்டும் கழுவித் தர
எந்த முகம் சம்மதிக்கும்?
காலை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் சுற்றில்
தடுக்கலுக்குச் சற்று முன்பாக மேலே ஏறி,
வந்தவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவதைப் போல
ஊதுவதை நிறுத்தினாள்.
ணங் வந்து உட்கார்ந்தது.
நான்காம் சுற்றில் அந்தத் தடுக்கலையே ஊதினாள்,
இருட்டில் கடைசிப் படியைத்
துழாவும் பாதம் அது.
ஜன்னலோரம் தோன் எவாரிஸ்தோ,
பாரந்தூக்கி ஓட்டுபவர், வலது முழங்கால் நொண்டி,
மேஜைக்கடியில் தாளம் போட ஆரம்பித்தார்.
அவர் காலுக்கு
அதில் புதிதாகக் கற்க எதுவும் இருக்கவில்லை.

அப்புறம் மகலி என்னைப் பார்த்து
மோவாயை அசைத்தாள்:
இன்னொன்று போடு.
பெடலை மிதித்துக் காதைத் திறந்தாள்.
ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்தேன்.
ஒரு சுற்று முழுக்க எண்ணினேன்.
அதே கரண்டி, அதே தொட்டி,
இம்மி பிசகாத இடத்தில்,
வேண்டுமென்றே.

தணக்.

சவம் போல ஒரு சத்தம்.
நாய்கூட என்னைத் திரும்பிப் பார்த்தது.
வாயில் கிளாரினெட்டோடு சிரிக்க முடியாது,
கண்ணால் சிரித்துவிட்டு
இரண்டு நொடி அழுத்திப் பிடித்தாள்.
அதை மட்டும் அழித்தாள்.

கடைசியில் ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.
கயிறு போயிற்று.
மூச்சு போயிற்று.
ணங் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம்
மழைக்குள் நடந்து போனது.
கைதட்டலும் சற்றுத் தாமதமாகவே வந்தது.

சம்பளத்தை எண்ணாமல் பைக்குள் திணித்தபடி,
ஒரு பிஸ்கோவை முடித்துவிட்டுச் சொன்னாள்:
"மூணாவது சுத்துலதான்
உன் கரண்டி சுருதிக்கு வந்தது."

எல்லாச் சுற்றிலும் ஒரே ணங்தான்.
பதிந்தபின் மாற வழியே இல்லாதது.
அவளுக்குத் தெரியாதா என்ன.
கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தேன்.
"ஆமாம்," என்றேன்,
"முதல்ல கொஞ்சம் பயந்திருந்தது."