அதே எண்ணோடு திரும்பும்

துப்பாக்கி மேசைமேல் கிடந்தது,
பல் டாக்டரிடம் வந்த பிள்ளை மாதிரி
வாயைத் திறந்துகொண்டு.
போல்ட்டைக் கழற்றித் தனியே
துணியில் சுற்றி வைத்திருந்தாள் ரூபகலா,
சூளகிரி திம்மராயப்பா மகள்.
கஜகஸ்தானில் போட்டியாம்.
பன்னிரண்டு நாள்.

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில்
ஆயுத உரிமப் பிரிவு எனக்கு.
டார்ச் அடித்து, குழலடியில் பொறித்த எண்ணை
உரக்கப் படித்தேன்.
அவள் தாளில் சரிபார்த்தாள்.
கடைசி எண் ஏழா ஒன்றா என்று
இரண்டு பேரும் குனிந்ததில்
தலை முட்டிக்கொண்டது.

வெளியே கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்.
ஆனி மாதத்தில் எங்கள் ஃபைல்கள்கூட
பெங்களூரா மாம்பழ வாசம் அடிக்கும்.

எத்தனை தோட்டா?
ஐந்நூறு.
எத்தனை திரும்பி வரும்?
"எல்லாம் சுட்டுட்டா நல்லதுதானே மேடம்."
அந்தக் கட்டத்தில் சிரிப்பை எழுத இடமில்லை.
'மீதம் இருப்பின்' என்று எழுதினேன்.

அந்த நாட்டுக் காவல்துறை அனுமதி,
ரஷ்ய எழுத்தில்; மொழிபெயர்ப்பு இணைப்பு.
விமானக் கம்பெனி சம்மதம்:
துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்கு ஒரு பெட்டி,
பாகம் பிரிந்த பங்காளிகள் மாதிரி
தனித்தனிப் பூட்டு.
அப்புறம் சுங்கத்தில் காட்ட ஒரு சான்று:
இது இங்கிருந்து போகும் பொருள்.
இதே எண்ணோடு திரும்பி வரும்.
அங்கே விற்கப்படாது, கைமாறாது,
அன்பளிப்பாகத் தரப்படாது.

'தரப்படாது' என்று அடிக்கும்போதுதான்
மாதப்பன் ஞாபகம் வந்தான்.

என் தம்பி. தமாமில் குழாய் வெல்டிங்.
ஒன்பது வருஷம் முன்னால்
பெங்களூரு ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனான்.
போகும் இந்த ஆள்தான் திரும்பி வருவான் என்று
யாரும் முத்திரை குத்தித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை, எனக்கு அப்போது
இந்த வேலை கிடையாது.
போன தை மாதம் வந்தான், இருபது நாள்.
களியைக் கொஞ்சமாகப் போடச் சொன்னான்.
சொந்த வீட்டில்
பாத்ரூம் எந்தப் பக்கம் என்று
ஒரு நொடி நின்றான்.

ரூபகலா திரும்பி வந்தாள்.
முப்பத்தோராவது இடம்.
குழலடியில் மறுபடி டார்ச்:
ஏழுதான், ஒன்றில்லை.
தோட்டா மீதம் நாற்பத்திரண்டு.
குதிரைப் படம் போட்ட சாக்லேட் ஒன்று
மேசையில் வைத்தாள்.
"அங்க ஏர்போர்ட்ல
என்னை யாருமே ஒண்ணும் கேக்கல மேடம்.
இதைத்தான் ரெண்டு மணி நேரம் விசாரிச்சாங்க."

பதிவேட்டில்
'திரும்பியது' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
மசி கொஞ்சம் கசிந்தது.

அன்று ராத்திரி தமாமிலிருந்து வீடியோ அழைப்பு.
அறை இருட்டு, பாதி முகம்.
இடது புருவத்துக்கு மேலே
கிணற்றுப் படியில் விழுந்து வாங்கிய தழும்பு
தெரியவில்லை.
"டேய், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."
"எதுக்குக்கா?"
சும்மாதான்.
வாடா.