தெருவுக்குப் போனவை

ரிச்சி தெருவில் ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய லேப்டாப்பில்
'ழ' விழும் பொத்தான் மட்டும் இல்லை.
என் கணக்கில் இன்றைக்கும் எல்லாம்
'பளைய பாக்கி'தான்.

விற்ற பையனே ஒரு கணக்கு மென்பொருளைப்
போட்டுக் கொடுத்தான். இலவசம் என்றான்.
எத்தனை நாளைக்கு?
எப்பவும்.
தணிகாசலம் நம்பவில்லை.
ஓசியில் வருகிற மீனுக்கு
வெண்புள்ளி நோய் இருக்கும் என்றார்.

முதல் பதிவாக அதையே போட்டுப் பார்த்தேன்:
மென்பொருள் வாங்கியது, ரூபாய் பூஜ்யம்.
ஏற்க மாட்டேன் என்றது.
தொகை இல்லாததற்கு வரி இல்லையாம்.

கொளத்தூரில் எங்கள் மீன் கடைக்கு வயது பதினொன்று.
அதுவரை கணக்கு என்றால்
தீனி டப்பாவில் திணித்த ரூபாய் நோட்டுகள்,
தொட்டிக் கண்ணாடியில் மார்க்கர் எழுத்து:
'பெரம்பூர் ஜெரால்டு 1,450.'
தொட்டி கழுவுகிற அன்று
கடனும் கழுவிக்கொண்டு போகும்.

இதுவோ
ஒவ்வொரு ரூபாயையும் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்கிறது.
எங்கிருந்து கிளம்பினாய்.
எங்கே போய்ச் சேர்ந்தாய்.
வழியில் டீ குடித்தேன் என்றால்
டீக்கும் ஒரு கணக்குத் திற என்கிறது.

கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்று
பிரிக்கச் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன்.
பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியது ஏஞ்சல் மீன்.
கடைக்கு மோட்டார் வாங்கியது என் வளையல்.
ஒரே கரண்ட் பில்லில்
தங்கமீன் மூச்சுவிட்டது எவ்வளவு,
எங்கள் ஃபேன் சுற்றியது எவ்வளவு?
மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன்.
கடை எனக்குத் தரவேண்டியது
ஒரு லட்சத்து எண்பத்துநாலாயிரம் என்று வந்தது.

தணிகாசலத்தைக் கூப்பிட்டேன்.
கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தார்.
"யாருக்கு?"
"எனக்கு."
"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு" என்று
காற்றுக்குழாயைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

கப்பி குட்டி போட்டது.
காசு கொடுக்காமல் வந்த நாற்பத்தாறு உயிர்.
எங்கிருந்து, என்றது திரை.
யோசித்து, 'இதர வருமானம்' என்று போட்டேன்.
மறுநாள் தாயே ஏழைத் தின்றிருந்தது.
அதை எழுதவில்லை.

அப்புறம் அந்த டிசம்பர்.
விட்டுப்போனதையும் ஏற்றிவிடலாமென்று
தேதியைப் பின்னால் தள்ளினேன்.
வெள்ளத்தன்று கீழ்வரிசைத் தொட்டி பதினாறும்
விளிம்புவரை நிறைந்தன,
பிறகு விளிம்பே இல்லை.
தண்ணீருக்குள் தண்ணீர் நுழைந்ததில் சத்தம்கூட இல்லை.
இடுப்பளவில் நின்று டார்ச் அடித்தேன்.
ஷட்டர் இடுக்கில் கோய் கெண்டை ஒன்று
வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்தது.
போனது.
பின்னாலேயே மோலிகள், பிளாட்டிகள்,
சினிமா விட்ட கூட்டம் மாதிரி
அவசரமில்லாமல்.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
எங்கிருந்து: கையிருப்பு.
எங்கே?

ஆடிட்டர் ஆபீஸ் சுபாஷிணி 'நட்டம்' என்பாள்.
'இறந்தவை' என்றும் ஒரு கணக்கு உண்டு,
வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அதில் விழும்,
தொட்டியிலிருந்து வலையில் எடுத்து
நானே போடுவது.
இவை அப்படியில்லை.
நீந்திப் போனதை நான் பார்த்தேன்.
ரெட்டேரிப் பக்கம் திரும்பினவா,
கால்வாயில் இறங்கினவா,
அதுதான் தெரியாது.

புதிதாக ஒன்று திறந்தேன்.
பெயர்: தெருவுக்குப் போனவை.
வகை? செலவா, சொத்தா?
கர்சர் செவுள் மாதிரி அடித்துக்கொண்டது.
சொத்து என்று போட்டேன்.
மார்ச்சில் சுபாஷிணி திருத்திவிடுவாள், தெரியும்.

நேற்று ஜெரால்டு வந்தார்.
ஆயிரத்து நானூறு கொடுத்தார்.
ஐம்பது குறையுதே, என்றேன்.
"எந்தத் தொட்டில எழுதிருக்கு, காட்டுங்க."
லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.
விரல் வைத்து வரிவரியாக இறங்கினார்.
தன் பெயரைத் தாண்டிப் போய்
ஓரிடத்தில் நின்றார்.

"இது யாருங்க,
இவ்ளோ பாக்கி வச்சிருக்காங்க?"

தெரிஞ்சவங்கதான், என்றேன்.