சோக் வயரில் புகை

ஓல்டனில் நவம்பர் என்றால்
ஆறு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று
பாலத்தில் நிற்பவருக்கே தெரியாது.
வாடகைக் கராஜ், எண் பதினேழு.
உள்ளே ஐம்பத்திரண்டு வயதுப் பச்சை எம்ஜி,
விவாகரத்தான பல் வைத்தியர் ஒருவரின் மனைவி
கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டது.

கியர்பாக்ஸ் இறங்கி ஏறியாயிற்று.
இரண்டாம் கியர் இப்போது
வாழைப்பழத்தில் ஊசி.
ஆனால் சாவியைப் பாதி திருப்பி
நாலாவதில் போட்டால்
பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறது.
முன்னே பறக்கவேண்டிய கியரில் நின்றுகொண்டு
பின்னே வருகிறேன், வழிவிடு என்கிறது.

அதை முதல் இரவே பிடித்துவிட்டேன்.
அடியில் மல்லாந்து கிடந்து
நாலு வயரையும் பெட்ரோல் துணியால் துடைத்தால்
ஒன்று பச்சை, ஒன்று பழுப்புக் கோடிட்ட பச்சை,
மற்ற இரண்டும் மஞ்சள்.
துடைக்காதவரை நான்கும் ஒரே சாதி, அழுக்கு.
ரேத்தோ மாற்றிச் செருகியிருக்கிறான்.
அவனுக்கு அனுப்பினேன்:
கண் இருந்தால் போதாது, நிறமும் தெரிய வேண்டும்.
பதில் இல்லை.

புதன். சாவியை முழுதாகத் திருப்பினேன்.
டக்.
இன்னொரு டக்.
ஸ்டார்ட்டர் சோம்பல் முறித்துத் திரும்பிப் படுத்தது.
பட்டரி புதிது. ஃபியூஸ் நான்கும் நலம்.
மூன்றாம் முறை திருப்பியபோது
டாஷ்போர்டின் பின்னிருந்து ஒரு நூல் புகை,
ஊதுபத்தி அளவு, மணம் மட்டும் பிளாஸ்டிக்.
சோக் குமிழைத் தொட்ட விரல்
சுட்டுத் திரும்பியது.

மின்சாரம் போவது பெரிதல்ல,
திரும்பி வரவேண்டும்.
தடித்த வழி இல்லையென்றால் மெலிந்த வழியில் புகும்,
காற்றைக் கொஞ்சம் மறிக்க மட்டுமே பிறந்த
ஒரு கம்பிக்குள் முண்டியடித்து.
மீட்டரின் ஒரு காலை இஞ்சினில் வைத்தேன்,
மறு காலை பட்டரியின் கறுப்பில்.
பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஏழரை.
சனி இல்லை, வோல்ட்.

ஆங்கில மானுவலில் இதன் பெயர் எர்த்து,
ரேத்தோவின் வாயில் மாஸ்ஸே.
தமிழில் மண் என்று சொன்னால்
இந்த இடத்தில் யாராவது பெருமூச்சுக்குத் தயாராவார்.
வேண்டாம்.
எனக்கு வேண்டியது ஒரு முழம்கூட இல்லாத
பின்னல் செம்புப் பட்டை, இரு முனையிலும் துளை.
ஒரு முனை கியர்பாக்ஸில், மறு முனை சட்டத்தில்.

இல்லை.
இருக்கவேண்டிய இடம் மட்டும் பளபளக்கிறது.
யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள்,
பொறுமையாக, வட்டமாக, ஒரு பிராங்க் நாணயம் அளவுக்கு.
ரேத்தோ அப்படித் தேய்ப்பவன் இல்லை.
நான்தான் அப்படித் தேய்ப்பேன்.

டார்ச்சோடு எழுந்தேன்.
எண்ணெய் படாத மேல்தட்டில்
பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம்.
அதன்மேல் என் கையெழுத்து, கொட்டை எழுத்தில்:
பூட்டும்போது முதலில் இதை மாட்டு.
தமிழில்.

நான் இரவு ஷிஃப்டில் இருந்த நாட்களில்
அந்தப் பாரத்தை ஒற்றை ஆளாய் ஏற்றியவன்
பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, எறியவுமில்லை.
என் வேண்டுதல் ஏதோ என்று நினைத்திருப்பான்.
தூசி படாமல் மேலே ஒரு துணி வேறு.
ரயில்வே சிக்னல் பெட்டிகளில்
பழுது தேடிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அரை அங்குல மரைக்குப் பதின்மூன்று மில்லிமீட்டர் சாவி
கிட்டத்தட்டப் பொருந்தும்.
கிட்டத்தட்ட என்பதில்தான் விரல் முட்டி தோலுரிந்தது.
இஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது.
சோக் குமிழில் விரல் வைத்தேன்,
ஆற்றங்கரைக் கம்பிபோல் சில்லென்று.

அவனுக்கு எழுதினேன். அழித்தேன்.
இன்னும் நீளமாக எழுதி
அதையும் அழித்தேன்.
கடைசியில் அந்தத் தாளைப் படமெடுத்து,
கீழே ஜெர்மனில் ஒரு வரி அர்த்தம் எழுதி,
மன்னி என்று ஒரு சொல் சேர்த்தேன்.

இரவு ஒன்றே முக்கால்.
உடனே வந்தது:
தயாபரி, இடது இண்டிகேட்டர் எரிகிறதா பார்.

பார்த்தேன்.
வெள்ளி காலை எட்டரைக்கு வாகனச் சோதனை.
எரியவில்லை.