நான்காம் வரிசை

பெல்ஃபாஸ்டில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன்.
இருபத்தாறு வருஷமாக
ஒரு பாவைக்கும் மறு பாவைக்கும் நடுவே
அளவுகோல் பிடிப்பதுதான் பிழைப்பு.

"அவங்க கண்ணு ரெண்டும் நெருங்கி இருக்கும்,
கவனிச்சிருக்கீங்களா?"
ஷாங்கில் சாலை பஸ் டிரைவர் குரலைத் தாழ்த்தினார்,
ஃபால்ஸ் சாலைக்காரர்களைப் பற்றி.
அவருக்கு அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.

மதியத்துக்கு மேல்
ஃபால்ஸ் சாலை ரொட்டிக்கடைக்காரி வந்தாள்.
அதே வாக்கியம், அதே தாழ்ந்த குரல்.
கை மட்டும் எதிர்த்திசையைக் காட்டிற்று.
அவளுக்கும் அறுபத்திரண்டு.

இழுப்பறையில் பதினோராயிரம் அட்டைகள்.
மழை விடாத ஒரு ஞாயிறு
இரண்டு குவியலாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன்.
(செய்திருக்கக் கூடாது. செய்தேன்.)
தேநீர் ஊற்றி வருவதற்குள்
எந்தக் குவியல் யாருடையது என்று மறந்துபோயிற்று.

எப்படிப் பிரித்தேன் என்கிறீர்களா?

என் சுவர்ப்பலகையில், நான்காம் வரிசையில்
இரண்டு கம்பமும் ஒரு குறுக்குக்கட்டையுமாக
ஓர் எழுத்து நிற்கிறது.
ஒரு கூட்டம் அதை 'எய்ச்' என்னும்.
மற்றது 'ஹெய்ச்'.
வித்தியாசம் ஒரு மூச்சு,
மெழுகுவத்தியைக்கூட அணைக்காது.
அதற்காக இந்த ஊரில் பல் உதிர்ந்தவர்கள் உண்டு.
நான் யாரையும் அடித்ததில்லை.
அட்டை மூலையில்
பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன், அவ்வளவுதான்.

நேற்று நோயல் கார் வந்தார்.
இரண்டு பக்கமும் பிள்ளைக்கு வைக்கிற பெயர்.
கூரை வேலை, நகக்கண்ணில் தார்.
மேலிருந்து தடங்கலில்லாமல் படித்து வந்தவர்
நான்காம் வரிசையில்
"எஸ்... கே..."
நின்றார்.
"இது தெரியலை. கலங்கலா இருக்கு."
அதைவிடப் பொடியான ஐந்தாம் வரிசையை
விறுவிறுவென்று ஒப்பித்தார்.

விளக்கைப் போட்டபோதுதான் கவனித்தேன்,
நாற்காலி நுனிக்கு வந்திருக்கிறேன்,
காது அவர் வாய்ப்பக்கம் சாய்ந்து,
விரலிடுக்கில் பென்சில்.
அவரும் பார்த்திருக்க வேண்டும்.
நல்ல பார்வை அவருக்கு.

மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு
கதவருகே திரும்பினார்:
"நீங்க அதை எப்படிச் சொல்வீங்க?"

வெளியே தூறுகிறது,
ஏணி வழுக்கும்,
பார்த்து ஏறுங்கள் என்றேன்.