குளம்பு

ஆர்லிஸ் க்வாமின் குதிரைகளுக்கு
முதல் பதினோரு வருடம் பாதம் கிடையாது.
முழங்கால்வரை பனி.
பனி இல்லையென்றால் புல்,
புல்லும் இல்லையென்றால் ஆறு.
"மொன்டானாவில் இவ்வளவு வெள்ளமா?"
விலை கேட்க வந்த ஒருவர் சிரித்தார்.
வாங்கவில்லை.

அவளுக்குக் குளம்பு வராது.
எனக்குத் தெரியும், அவள் படங்களுக்குச்
சட்டம் அடித்தவன் நான்.
தட்டில் வண்ணக் குழம்பு பதமாகத்தான் இருக்கும்.
துணிக்குப் போனதும்
குளம்பு குழம்பிவிடும்.

வயிற்றுக்கு வேறு வேலை.
தானியக் கோபுரங்களில் கயிற்றில் தொங்கி
ஆளுயர எழுத்தில் கம்பெனிப் பெயர் எழுதினாள்.
காற்று ஒருமுறை ஓர் எழுத்தைக் கோணலாக்கியது.
இன்றும் அது கோணல்தான்.
கால்நடை மருந்து விலைப்பட்டியலுக்குப்
பசுவின் நான்கு இரைப்பைகள்,
இரைப்பைக்கு ஒரு நிறம்,
படத்துக்குப் பதினெட்டு டாலர்.

பில்லிங்ஸ் ஏலத்தில் அவள் முறை வந்தபோது
தொப்பிக்காரர்கள் எல்லாரும்
சுட்ட இறைச்சிக்கு வரிசையில் நின்றார்கள்.
ஒரு பல் மருத்துவர் மட்டும் கை தூக்கினார்.
என் சட்டத்தின் விலைகூட இல்லை அது.
திரும்பும் வழியெல்லாம்
வானொலியில் கோதுமை விலை கேட்டுக்கொண்டு வந்தோம்.

நாற்பத்தொன்றாம் வயதுக் குளிர்காலத்தில்
லாடம் அடிக்கும் ரென்வில்லிடம் கூலிக்குப் போனாள்.
கற்றுக்கொள்ள அல்ல,
வாடகைக்கு.
நாளொன்றுக்கு நாற்பது கால்.
இவள் மடியில் தூக்கிப் பிடிப்பாள்,
அவன் சீவுவான்.
கருகிய நகத்தின் நாற்றத்தோடு என் கடைக்குள் வந்தால்
மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

மார்ச்சில் ஒரு படம் கொண்டுவந்தாள்.
காய்ந்த பாதை. கிழட்டுப் பெட்டைக் குதிரை.
நான்கு குளம்பு,
ஒன்றில் விரிசல்.
நான் எதுவும் சொல்லவில்லை.
இரண்டு தடவை அளவெடுத்தேன்.

புகழ் வந்தது, பழைய படங்களுக்கு.
பாதமில்லாக் குதிரைகள்
கைவிட்டுப் போகும் நிலத்தின் துயரம் என்று
யாரோ எழுதிவிட்டார்.
சான்டா ஃபேயிலிருந்து காட்சிக்கூடம் கடிதம் போட்டது:
இன்னும் கொஞ்சம் பனி கிடைக்குமா?
அவள் சிரித்த சிரிப்பில்
என் ஆணி டப்பா கவிழ்ந்தது.
கூரை ஒழுகிய வருடம் மட்டும்
பனி பெய்தது.

போன இலையுதிர்காலம், கை நடுங்கத் தொடங்கிய பிறகு,
ஒரு சின்னப் படம். ஈரம் காயவில்லை.
குதிரையே இல்லை.
சேற்றில் ஒரே ஒரு தடம்,
அடிவிளிம்பை ஒட்டி.
சட்டத்தின் உதடு கால் அங்குலம் விழுங்கும்,
அது அவளுக்குத் தெரியும்.
"கீழ்ப்பக்கம் அடிக்காதே" என்றாள்.

மூன்று பக்கச் சட்டம்.
கடையில்தான் தொங்குகிறது.
எப்போது முடிப்பீர்கள் என்று
வருகிறவர்கள் கேட்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை என்கிறேன்.