நடுக்கலசம்

சிம்மக்கல்லில் இறங்கி
பழைய இரும்புக் கடைகளைத் தாண்டினால் என் கடை.
பெயர்ப்பலகை இருந்தது.
அதையும் ஒருவர் விலை கேட்டார்,
கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஞானதுரை சார் அரசரடி ரயில்வே காலனியிலிருந்து
சனிக்கிழமை சனிக்கிழமை வருவார்.
டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.
எதைக் கையில் எடுத்தாலும்
முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்.

அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் உச்சியில்
மூன்று மரக்கலசங்கள் இருந்திருக்க வேண்டும்.
இடது உண்டு. வலது உண்டு.
நடுவில் ஒரு துளை,
பென்சில் நுழையும் அளவு.
கொஞ்ச நாள் பென்சிலையே செருகி வைத்திருந்தாராம்.
ஊதுபத்தி மாதிரி இருக்கிறதென்று
ரூபி அம்மா பிடுங்கிப் போட்டுவிட்டார்.

'அர்ன்' என்பார் அவர்,
ஏலக்காரர்களிடம் கற்ற சொல்.
எனக்கு ரசீதில் எழுத ஒரு பெயர் வேண்டும்.
குடம் என்று எழுதினால் தண்ணீர் கேட்கும்,
கும்பம் என்றால் மாவிலை,
சாடி என்றால் ஊறுகாய்.
தாழி என்று எழுதலாம்தான்.
ஆனால் சிலைமான் தாண்டி கொந்தகையில்
தாழிக்குள் மண்ணை அள்ளினால்
அடியில் ஒரு ஆள் இருக்கிறார்.

இது எதையும் கேட்காது.
வயிறு உண்டு, கழுத்து உண்டு,
மூடி மாதிரி சுற்றி ஒரு கோடும் உண்டு.
நெம்பிப் பார்த்தால் உடைவது நம் நகம்.
உள்பக்கம் என்று ஒன்றே இல்லாத பாத்திரம்,
முழு மரம்.

பதினாலு மாதம்.
காதிரண்டும் விரித்த டென்னிஸ் கோப்பையைப் பார்த்தார்
(இரட்டையர் ஆட்டம், இரண்டாம் இடம்).
நீலச் சாடியில் மூக்குடைந்த வெள்ளைப் பொம்மையைப் பார்த்தார்.
வாசலில் நிற்கும் வார்ப்பிரும்புத் தோட்டச்சாடிகளில்
ஆட்டோக்காரர்கள் டீ கிளாஸ் வைப்பதைப் பார்த்தபடி
பல சனிக்கிழமைகள் உட்கார்ந்திருந்தார்.

"கீழவாசல் கடைசல்காரருக்கு ஒரு மணி நேர வேலை சார்."
"புதுசு பொய் சொல்லும்மா."
"பழசும் சொல்லும் சார். அதை வித்துத்தான் சாப்பிடுறேன்."

புரட்டாசியில் கானாடுகாத்தானிலிருந்து
ஒரு பெட்டி உதிரி வந்தது.
கதவில்லாத சாவிகள், கட்டிலில்லாத குமிழ்கள்,
எல்லாவற்றுக்கும் அடியில், எறும்புப்புற்று மண்ணோடு,
ஒரு கலசம்.
வேறு மரம். வேறு கை.
கழுத்து அரை விரல் நீளம் அதிகம்.
துடைத்தேன். லேசாக ஷூ பாலிஷ் போட்டேன்.
"அதே கம்பெனி சார்" என்றேன்.

கவிழ்த்து அடியைப் பார்த்தார்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்,
நேற்றைய தேதி போட்ட சீட்டோடு
கைக்குழந்தையும் வைத்திருக்கும் பயணியைப்
பார்த்திருக்கக்கூடிய பார்வை.
"அதே கம்பெனிதான்" என்றார்.
முந்நூற்றைம்பது. பேரம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை.
அதற்கடுத்ததும்.
முடிந்தது என்று நினைத்தேன்.
நாற்காலியில் பித்தளைத் தட்டுகளை அடுக்கிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை,
கடை திறந்து சாம்பிராணி போடும் முன்பே,
செய்தித்தாள் பொட்டலத்தோடு நிற்கிறார்.
பிரித்து மேசையில் வைத்தார்.
இடது. வலது.
"நடுவுல இருக்கறதோட இது ரெண்டும் சேரலம்மா.
ரொம்ப நாளா பாத்துட்டேன்.
அதே கழுத்துல ஒரு ஜோடி வந்தா சொல்லு."

தட்டுகளை இறக்கி
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.
ரசீதில் எழுதினேன்:
கலசம், மரம், இரண்டு, திறக்காது.

கிளம்புகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார்:
"பென்சில் ஏதும் இருக்கா? ரெண்டு."
"ரூபி அம்மா?"
"தூத்துக்குடில. மக வீட்டுக்குப் போயிருக்கா."

டிராயரைத் துழாவி எடுத்து நீட்டினேன்.
இரண்டையும் கவிழ்த்து
அடியைப் பார்த்தார்.