கொப்புக்குப் பட்டா இல்லை

காரை வேம்படியில நிறுத்தாதீங்கன்னு
வந்த அன்னைக்கே சொன்னேன்.
நிழலு நல்லாருக்குன்னு நிறுத்தினாவ.
விடியக்காலம் பார்த்தா
கறுப்புக் காரு
சுண்ணாம்படிச்ச கோயில் மதிலாட்டம் நிக்கி.

ரெண்டு அறை.
மகளிர் குழுக் கடன்ல கட்டினது,
ஒண்ணேகால் லட்சம் இன்னும் பாக்கி.
சன்னலைத் திறந்தா வேம்பு.
வேம்பு நிறைய மஞ்சமூக்கு நாரை,
இந்த வருசம் பதினேழு கூடு.
நாங்குநேரியில இறங்கி வழி கேட்டு
நாரையைப் பார்க்கத்தான் வாராவ.
நாரை நாறும்னு
அவியளுக்கு யாரும் சொல்லலை போல.

கோயம்புத்தூர்க்காரரு
மூணு நாளைக்குப் பணம் கட்டினவரு.
கருப்பட்டிக் காப்பி பிரமாதம்.
சொதி இன்னொரு கரண்டி.
அவரு வீட்டம்மாவுக்குச் சட்டினியில பூண்டு ஆகாது,
சரி, அதையும் மாத்தியாச்சு.
கடைசியில கொப்பைக் காட்டி
"இந்த ஒண்ணை மட்டும் கழிச்சிருங்களேன்,
அடுத்த தடவை பத்துப் பேரோட வாரோம்"ன்னாரு.

பத்துப் பேரு.
மனசுக்குள்ள வாளி எண்ணினேன்.
குளிக்க, கழுவ, துவைக்க
ஆளுக்குப் பதினோரு வாளி.
சித்திரையில என் போரு
ரெண்டாவது தொட்டி நிறையுமுன்னே
காத்தைத் துப்பும்.
அது துப்பினா
கீழவீட்டுப் பிரமாச்சி குழாயும் துப்பும்.
பிரமாச்சி ஒரு வார்த்தை பேச மாட்டா.
குடத்தைத் தூக்கிட்டு
என் வாசல் வழியாத்தான் குளத்துக்குப் போவா.

"பட்டா என் பேர்ல இருக்கு சார்,
கொப்பு அவிய பேர்ல."
சிரிச்சாரு.
நான் சிரிக்கலைன்னு பொறவுதான் பார்த்தாரு.

அந்நேரம்
தாய் நாரை கக்கின கெண்டை ஒண்ணு
குஞ்சு வாய்க்குத் தப்பி
காருமேல சொத்துன்னு விழுந்துச்சு.
அவரு மூக்கைப் பொத்தினாரு.
அவரு மக, மூணாங்கிளாசு இருக்கும்,
ரெண்டு விரலால அதைத் தூக்கிப் பிடிச்சு
"ஆன்ட்டி, ஏணி இருக்கா?"ன்னா.

ஏணி இருந்துச்சு. கொடுக்கலை.
குளத்துத் தண்ணி ரெண்டு வாளியும்
கிழிஞ்ச சாரம் ஒண்ணும் கொடுத்தேன்.
அப்பனும் மகளுமாக் காரைத் தொடைச்சாவ.

போகையில நோட்டை நீட்டினேன்.
அஞ்சுக்கு மூணு நட்சத்திரம்.
"உணவு அருமை. வாடை தாங்கவில்லை.
உரிமையாளர் ஒத்துழைப்பு போதாது."
வாசிச்சிட்டு மூடி வச்சேன்.
பொய்யின்னு சொல்ல அதுல ஒண்ணுமில்லை.

மறுநாள் பலகையில எழுதினேன்:
சித்திரை, வைகாசி ஒரு அறை மட்டும்.
தவணைக்கு என்ன செய்வேன்னு
இன்னும் எழுதலை.

பொறவு அடுத்த ஆளுக்குன்னு நோட்டை விரிச்சா
மூணு நட்சத்திரத்துக்குக் கீழ
பென்சில்ல, கோடு தாண்டி:
"பதினேழு இல்ல ஆன்ட்டி, பதினெட்டு.
தண்ணித் தொட்டி பக்கம் ஒண்ணு இருக்கு."

வாரியலைப் போட்டுட்டுப் போய்ப் பார்த்தேன்.
இருக்கு.